முதல் கஹோன்: திருகக்கூடிய கம்பி, நிறுத்த முடியாத கம்பி

மேலே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்டி வாசிக்கும் மரப்பெட்டிதான் கஹோன். சென்ற ஆகஸ்டில் என் முதல் கஹோனை 8,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். எட்டு மாதங்கள், ஒரு வடகிழக்குப் பருவமழை, ஒரு கம்பி அறுந்தது, ஏறத்தாழ முப்பது ஞாயிற்றுக்கிழமைகள் என எல்லாவற்றையும் தாண்டிய பிறகே அதைப் பற்றி எழுதத் துணிகிறேன். வாங்கிய மறுநாளே எழுதப்படும் மதிப்புரைகளை நானும் நிறையப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். அவை பெட்டியின் பளபளப்பையும் பார்சல் வந்து சேர்ந்த வேகத்தையும் விரிவாகப் பேசினவே தவிர, "அட்ஜஸ்டபிள் ஸ்னேர்" என்று விலைச்சீட்டில் அச்சடித்திருந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லவில்லை. நான் தடுமாறியதும் பிறகு தெளிந்ததும் அந்த இரண்டு சொற்களில்தான் என்பதால், இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அவற்றுக்கே போய்விடும்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் படித்தால் என் தீர்ப்பு உங்களுக்குப் பயன்படாது. சிறு வயதில் நான்கு ஆண்டுகள் மிருதங்கம் கற்றேன். பத்தாம் வகுப்புத் தேர்வு வந்ததும் அது நின்றுபோனது. இப்போது சென்னையில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில், ஞாயிறு மாலைகளில் ஐந்தாறு பேர் கூடிப் பாடுகிறோம். ஒருவர் கிட்டார், ஒருவர் ஆர்மோனியம், மற்றவர்கள் குரல். பரணில் கிடந்த மிருதங்கத்தை இறக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கிட்டார் வாசிக்கும் நண்பர் பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றுபவர். கல்லையும் கட்டையையும் வைத்துக்கொண்டு நான் வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, தட்டித் தட்டிச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் அவர்கள் அடுத்த பாட்டுக்குப் போயிருப்பார்கள். ட்ரம் செட் என்ற பேச்சை எடுத்தாலே இரண்டாம் மாடியிலிருந்து எங்களை இறக்கிவிடுவார்கள். சுருதிக்குக் கட்டுப்படாததும், ஒரு கையால் தூக்கிப் போகக்கூடியதும், வாசிக்காத நேரத்தில் முக்காலியாகப் பயன்படுவதுமான ஒரு கருவி வேண்டியிருந்தது. கஹோன் அந்த மூன்றுக்கும் பொருந்தியது.

கஹோன் என்ற ஸ்பானியச் சொல்லுக்குப் பெட்டி என்றே பொருள். பெரு நாட்டின் கடற்கரைப் பகுதிகளுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள், கையில் கிடைத்த மரப்பெட்டிகளில் தாளம் போட்டு வளர்த்தெடுத்த கருவி இது. 2001இல் பெரு அரசு இதைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுச் சொத்தாக அறிவித்தது. 1970களின் பிற்பகுதியில் பெருவுக்குச் சென்ற ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் கிட்டார் மேதையான பாக்கோ தே லூசியா, அங்கே கைத்ரோ சோத்தோ என்ற கலைஞரிடமிருந்து ஒரு கஹோனைப் பெற்று ஸ்பெயினுக்கு எடுத்துச் சென்றார். அவருடைய குழுவில் இருந்த பிரேசில்காரர் ரூபெம் தாந்தாஸ் அதை மேடையில் வாசிக்கத் தொடங்கினார். பெருவின் கஹோனுக்குள் எந்தக் கம்பியும் இல்லை. அது வெறும் பெட்டி, வெறும் காற்று. உள்ளே முன்பலகையை ஒட்டிக் கம்பிகளைக் கட்டியது ஸ்பெயினில் நடந்தது. ஆகவே நாம் கடையில் "ஸ்னேர் உள்ளது, இல்லாதது" என்று பிரித்துக் கேட்கும்போது, உண்மையில் இரண்டு நாடுகளின் செவிச் சுவைக்கு இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.

நம் ஊர்க் காதுக்கு அந்தக் கம்பியின் வேலையைப் புரிய வைப்பது கடினமல்ல. மிருதங்கத்தின் வலந்தலையில் தோல்களுக்கு இடையே மெல்லிய குச்சித் துண்டுகளைச் செருகினால் அது குச்சி மிருதங்கம். பொடிக்கற்களைச் செருகினால் கப்பி மிருதங்கம். இரண்டிலும் நோக்கம் ஒன்றே: தோல் அதிரும்போது அதனோடு இன்னொன்றும் உரசி அதிர்ந்து, நாதத்துக்கு ஒரு கூர்மையைத் தர வேண்டும். தம்புராவில் கம்பிகளைத் தாங்கும் குதிரையின் மேல், கம்பிக்கு அடியில் வைக்கும் நூலும் அப்படித்தான். ஒரு நூலிழை அகலம் முன்னே பின்னே நகர்த்தினால் தம்புரா பேசும், அல்லது ஊமையாகிவிடும். கஹோனின் ஸ்னேரும் முன்பலகையின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது; பலகை அதிரும்போது தானும் அதன்மேல் மோதிச் சரசரக்கிறது. எவ்வளவு அழுத்தமாகத் தொட வேண்டும் என்பதை வாசிப்பவர் தீர்மானிக்க முடிந்தால், அதற்கு "அட்ஜஸ்டபிள்" என்று பெயர்.

இந்த இடத்தில்தான் எல்லாக் கடைகளிலும் குழப்பம் தொடங்குகிறது. ஏனென்றால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல ஏற்பாடுகளை அந்த ஒரே சொல்லால் விற்கிறார்கள்.

நான் அன்று மூன்று பெட்டிகளில் உட்கார்ந்து பார்த்தேன். முதலாவது 3,800 ரூபாய். ட்ரம் செட்டின் ஸ்னேர் ட்ரம்மில் இருக்கும் சுருள்கம்பிப் பட்டையை இரண்டாக வெட்டி, ஒரு மரச்சட்டத்தில் வெல்க்ரோவால் ஒட்டியிருந்தார்கள். வெல்க்ரோவைப் பிரித்து ஒட்டும் இடத்தை மாற்றலாம் என்பதுதான் அதில் "அட்ஜஸ்ட்" செய்வது. இந்த ஏற்பாட்டையே மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் ஷ்லாக்வெர்க் நிறுவனத்தின் "டூ இன் ஒன்" வகைக் கஹோன்களில் ஸ்னேரை முழுவதுமாகக் கழற்றி வெளியே எடுத்துவிட முடியும் என்பது அவற்றின் பெருமையே. ஆனால் நான் பார்த்த பெட்டியில் வெல்க்ரோ பாதி விட்டுப்போய், இடப்பக்கப் பட்டை பலகையைத் தொடாமலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வலது மூலையில் தட்டினால் சரசரப்பு. இடது மூலையில் தட்டினால் அட்டைப்பெட்டி. உடலும் எம்.டி.எஃப்., அதாவது மர இழைகளை அழுத்திச் செய்த பலகை. ஈரம் பட்டால் ஊதிப் போகும் பொருளில் செய்த ஒன்றைச் சென்னையில் நவம்பர் மாதத்தைத் தாண்டி வைத்திருக்கும் நம்பிக்கை எனக்கு இல்லை.

இரண்டாவது, நான் வாங்கியது. இதில் நான்கு கிட்டார் கம்பிகள், இரண்டிரண்டாக ஆங்கில "வி" எழுத்து வடிவில் விரிந்து, முன்பலகையின் உட்புறத்தை ஒட்டி மேல் நோக்கி ஓடுகின்றன. பெட்டியைக் கவிழ்த்தால் ரப்பர் கால்களுக்கு நடுவே இரண்டு திருகுகள் தெரியும். 4 மி.மீ. ஆலன் கீயை (அறுகோணச் சாவியை) நுழைத்து வலப்புறம் திருகினால் கம்பி இறுகும். இடப்புறம் திருகினால் தளரும்.

மூன்றாவது பெட்டியின் விலை 16,500. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைக் கீழே தள்ளினால் உள்ளே சுருள்கம்பிப் பட்டை கட்டிய சட்டம் பலகையிலிருந்து விலகி நிற்கிறது. மேலே தள்ளினால் போய் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு நெருக்கமாக ஒட்ட வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு குமிழும் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில்கூட மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது பெட்டியில் உட்கார்ந்தபடி விற்பனையாளரிடம் கேட்டேன்.

"தம்பி, இதுல ஸ்னேரை முழுசா நிறுத்த முடியுமா?"

"லூஸ் பண்ணிட்டீங்கன்னா கேக்காது சார். ஃபுல் அட்ஜஸ்டபிள்."

பொய் சொல்லும் நோக்கம் அவருக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவரும் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைத்தான் படித்திருந்தார். ஆனால் அது உண்மையில்லை. கிட்டார் கம்பியைத் தளர்த்தத் தளர்த்த அதன் பேச்சு குறைவதில்லை, குணம்தான் மாறுகிறது. நன்றாக இறுகிய நிலையில் ஓசை வறண்டு, குறுகி, ஊசி முனைபோல் வருகிறது. கொஞ்சம் தளர்த்தினால் சரசரப்பு அகன்று, தட்டிய பிறகும் சற்று நேரம் தங்குகிறது. மேலும் தளர்த்தினால், பலகையின் மேல் சாய்ந்து கிடக்கும் கம்பி தன்போக்கில் கிலுகிலுக்கிறது. அது கிலுகிலுப்பையின் ஒலியே தவிர மௌனம் இல்லை. கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரையில் அது பேசிக்கொண்டுதான் இருக்கும். விலகினால் மட்டுமே நிற்கும். திருகினால் மாறுவது வேறு, வேண்டாதபோது நிறுத்த முடிவது வேறு. விலைச்சீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் பார்த்த மூன்றில் இரண்டையும் ஒருங்கே செய்தது, என்னால் வாங்க முடியாத அந்த 16,500 ரூபாய்ப் பெட்டிதான்.

அப்படியிருந்தும் ஏன் இரண்டாவதை எடுத்தேன் என்று கேட்பீர்கள். விலை ஒரு காரணம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் விலையை மறந்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டபோதும் அதுவே எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது பெட்டியின் சுருள்கம்பி, ட்ரம் செட்டின் ஸ்னேரையே நினைவூட்டும் நிறைந்த, அகலமான ஓசை தருகிறது. மைக் வைத்து, கீபோர்டும் பேஸ் கிட்டாரும் சூழ வாசிப்பவர்களுக்கு அது வரம். ஆர்மோனியத்தோடு நான்கு குரல் பாடும் அறையில் அது மற்றவர்களின் மேல் போர்வையைப் போர்த்தியதுபோல் இருக்கும் என்று தோன்றியது. கிட்டார் கம்பியின் ஓசை மெலிந்தது. மரத்தின் குரலுக்குக் கரை கட்டுமே தவிர, மரத்தை மூடாது.

கடையில் எப்படிச் சோதித்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அந்த அரை மணி நேரத்தில் செய்தவற்றில் பாதி சரி, பாதி தவறு. முதலில் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, உள்ளங்கை முழுவதும் படும்படி தட்டி, கையை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். "தொம்" என்று அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். அந்தத் தொம்மின் வாலில் எவ்வளவு சரசரப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதைக் கவனித்தால், கம்பி எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். தொம் முடிந்த பிறகும் கம்பி முனகிக்கொண்டிருந்தால் பாட்டின் நடுவில் அது பெரும் தொல்லை. அடுத்து மேல் விளிம்பில் விரல்களால் சொடுக்குவதுபோல் தட்டி, இடது மூலையும் வலது மூலையும் ஒரே குரலில் பதில் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கடைசியாக நான் செய்தது என் பழைய பாடத்திலிருந்து வந்தது: நகம் படாமல் விரல் நுனிகளால் மட்டும், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் அளவில், "தகதிமி தகஜணு" என்று மெல்ல ஓடவிட்டேன். மட்டமான பெட்டியில் கம்பி விழித்துக்கொள்வதற்கே ஓங்கித் தட்ட வேண்டியிருக்கிறது. நல்ல பெட்டியில் விரல் நுனிக்கும் கம்பி பதில் சொல்லும். நான் வாங்கிய பெட்டி "திமி"க்கும் பதில் சொன்னது; அந்த நொடியிலேயே மனம் முடிவு செய்துவிட்டது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

செய்த தவறுகளும் உண்டு. கஹோனின் அடிநாதம் பின்பலகையின் துளை வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறுகிறது. கடைக்காரர் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழத் தொலைவில், மூலையில் வைத்திருந்தார். மூலையில் எந்தப் பெட்டியும் பெரிய பெட்டியாகத்தான் ஒலிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் போட்டதும் அதன் தொம்மில் கால் பங்கு காணாமல் போனது. அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். மற்றொன்று, நானே வாசித்து நானே கேட்டேன். வாசிப்பவரின் காது பெட்டிக்கு மேலே இருக்கிறது. கேட்பவர்கள் முன்னால் இருக்கிறார்கள். கூட ஒருவரை அழைத்துப் போய் அவரைத் தட்டச் சொல்லி, எதிரே ஐந்தடி தள்ளி நின்று கேட்டிருந்தால், இந்தப் பெட்டியின் கம்பி முன்னால் இருப்பவர்களுக்கு எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது என்பது அன்றே தெரிந்திருக்கும். வீட்டில் முதல் ஞாயிறன்று நான் நிதானமாக வாசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, பாடியவர் இரண்டாவது சரணத்தில் நிறுத்திவிட்டு, "அண்ணா, தகர டப்பா மாதிரி இருக்கு" என்றார்.

பெட்டியின் கட்டமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். உயரம் 48 செ.மீ., அகலமும் ஆழமும் 30 செ.மீ.; எடை ஐந்து கிலோவை ஒட்டி. உடல் 12 மி.மீ. பிளைவுட், முன்பலகை 3 மி.மீ. பிளைவுட். முன்பலகைக்கு ஸ்பானியத்தில் "தாப்பா" என்று பெயர். நெடுஞ்சாலைத் தாபாவோடு அதற்குத் தொடர்பில்லை. உட்காரும் விளிம்பை உருட்டி இழைத்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் வரை தொடை மரத்துப்போவதில்லை, அதற்கு மேல் ஒரு மெத்தைத் துண்டு வேண்டும். நான்கு ரப்பர் கால்களில் ஒன்று மற்றவற்றைவிடக் குட்டை. பெட்டி ஆடியது, ஆடும் பெட்டியில் தொம் பாதி தரைக்குள் போகிறது. சைக்கிள் டியூபில் ஒரு வில்லை வெட்டி அடியில் ஒட்டியதும் சரியானது. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் விற்கும் பொருளில் இதை வாங்குபவரே செய்ய வேண்டியிருப்பது அழகல்ல.

அதைவிட எரிச்சலூட்டியது சாவி. அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கம்பி என்பதற்காகக் கூடுதல் விலை வைத்து விற்ற பெட்டியோடு அதை அட்ஜஸ்ட் செய்யும் ஆலன் கீ வரவில்லை. கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். இரண்டாவது முறையும் அதையே சொன்னார்கள். மூன்றாவது முறை அழைக்கவில்லை, தெருமுனை ஹார்டுவேர் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது பெட்டியைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் அளவையாவது கேட்டுக்கொள்ளுங்கள். சற்றே சிறிய கீயை நுழைத்துத் திருகி, திருகின் அறுகோணக் குழியை வட்டமாக்கிவிட்டால் பிறகு அந்தப் பெட்டியின் கம்பியை யாராலும் அசைக்க முடியாது.

இனி அந்தத் திருகுகளோடு வாழ்ந்த கதைக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரங்கள் நான் அவற்றை முழுச் சுற்றாகத் திருகிக்கொண்டிருந்தேன். ஒரு சுற்றில் வறண்ட ஊசி முனை, மறு சுற்றில் கிலுகிலுப்பை. நடுவில் எதுவுமே இல்லையோ என்ற சந்தேகம் வந்தது. தம்புரா நூலை எந்த மடையனாவது ஓர் அங்குலம் நகர்த்துவானா என்று ஒருநாள் எனக்கு நானே கேட்டுக்கொண்ட பிறகுதான் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகத் தொடங்கினேன். பெட்டியின் குணம் முழுவதும் ஏறத்தாழ ஒரே ஒரு சுற்றுக்குள் அடங்கியிருக்கிறது. அதற்குள் கால் சுற்று இறுக்கினால் திரைப்பாட்டுக்கு ஏற்ற பளிச்சென்ற அடி. கால் சுற்று தளர்த்தினால் மெல்லிசைக்கு ஏற்ற மென்மையான சரசரப்பு. இரண்டு திருகுகளின் தலையிலும் வெள்ளை நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன். எனக்குப் பிடித்த நிலையில் புள்ளிகள் இரண்டும் முன்பலகையைப் பார்க்கும். யாராவது திருகி விளையாடினாலும் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து, பெட்டியைச் சாய்த்து, குனிந்து திருகி, நிமிர்த்தி, உட்கார்ந்து, தட்டிப் பார்க்க வேண்டும். பாட்டுக்கு நடுவே செய்யும் காரியமல்ல. மேடையில் இரண்டு பாட்டுகளுக்கு இடையில்கூடச் செய்ய முடியாது. கூட்டம் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கம்பியை மட்டுமே குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, மேல் மூலைத் திருகாணிகளின் வேலை மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது. முன்பலகையின் மேற்பகுதியை ஒட்டாமல் திருகாணிகளால் மட்டும் பிடித்துவைத்திருக்கிறார்கள். இரண்டு மேல் மூலைகளிலும் உள்ள திருகாணிகளை ஒரு மயிரிழை தளர்த்தினால் பலகையின் விளிம்பு சட்டத்தின் மேல் "சட்" என்று அறைகிறது. அந்த ஓசையைத்தான் பலர் ஸ்னேரின் ஓசை என்று நினைத்துக்கொண்டு கம்பியை இறுக்கிக்கொண்டே போகிறார்கள். நானும் போனேன். மூலையைத் தளர்த்திய பிறகு கம்பியைக் கணிசமாகத் தளர்த்த முடிந்தது. தகர டப்பா என்ற குற்றச்சாட்டும் அன்றோடு முடிந்தது.

கம்பியை நிறுத்த முடியாது என்பதன் உண்மையான விலை வேறொரு மாலையில் தெரிந்தது. ஆர்மோனியக்காரர் மந்திர ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல்கள் ஆலாபனைபோல் மெல்ல எழுந்துகொண்டிருந்தன. என் இரண்டு கைகளும் மடியில். ஆனாலும் பெட்டி தானாகவே "ஸ்ஸ்ஸ்" என்று முனகியது. அந்தச் சுரம் முன்பலகையை அதிர வைக்க, பலகை கம்பியை அதிர வைத்தது. ஆர்மோனியம் பக்கத்துச் சுரத்துக்கு நகர்ந்ததும் நின்றது. திரும்பி வந்ததும் மறுபடி தொடங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்து, பழைய பருத்தி வேட்டியில் கிழித்த இரண்டு விரல் அகலத் துணி. பின்துளையின் விட்டம் 12 செ.மீ. என்பதால் கை முழங்கை வரை தாராளமாக உள்ளே போகிறது. துணியின் ஒரு முனையைக் கம்பிகளுக்கும் பலகைக்கும் இடையே பக்கவாட்டாகச் செருகி இழுத்துவிட்டால் கம்பி பலகையைத் தொடுவதில்லை. பெட்டி கிட்டத்தட்டப் பெரு நாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. முழுதாக நிறுத்தாமல் முனகலை மட்டும் அடக்க வேண்டுமென்றால், கம்பிகளின் பின்புறத்தில் குறுக்கே ஒரு துண்டு ஸ்பாஞ்சையோ துணிப் பட்டையையோ ஒட்டினாலே போதுமானது. துணி செருகிய நிலையில் இதே பெட்டியின் தொம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைக் கேட்டபோது, கடையிலேயே இப்படி ஒரு கைக்குட்டையைச் செருகிக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. கம்பி இல்லாமல் பெட்டிக்கு என்ன குரல் என்று கேட்காமல் கம்பிப் பெட்டியை வாங்கக் கூடாது. சரசரப்பு பல ஓட்டைகளை மூடி மறைக்கும்.

மழைக்காலம் வந்தபோது முன்பலகை ஈரத்தை உறிஞ்சி மந்தமானது. கம்பியையும் மூலைத் திருகாணிகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. சன்னலோரத்திலிருந்து பெட்டியை எடுத்து அலமாரிப் பக்கம் வைத்த பிறகு ஓரளவு தேறியது. நவம்பர் இறுதியில் இடப்பக்கத்துக் கம்பி ஒன்று, துருப் பிடித்திருந்த இடத்தில், கால் சுற்று இறுக்கும்போது "டிங்" என்று அறுந்தது. கம்பிக்கு உத்தரவாதம் இல்லை என்று கடையில் சொன்னார்கள். அது நியாயமே, கிட்டாருக்கும் இல்லை. கிட்டார் நண்பர் கழற்றிப் போட்டிருந்த பழைய நான்காம் கம்பியைக் கட்டினேன். அதன் குண்டுமுனை அப்படியே பொருந்தியது. ஆனால் அந்தப் பக்கம் மட்டும் ஓசை வேறாகிவிட்டதால், கடைசியில் நான்கையும் ஒரே வகையில் மாற்ற வேண்டியிருந்தது. எங்கும் கிடைக்கும் கிட்டார் கம்பியே போதும் என்பதை இந்த வகைப் பெட்டியின் பெரிய வசதியாகக் கருதுகிறேன். சுருள்கம்பிப் பட்டை பழுதானால் அதே அளவில் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பொங்கல் விழாவுக்குக் குடியிருப்பின் முற்றத்தில் மைக் வைத்து வாசித்தபோது ஒன்றைக் கற்றுக்கொண்டேன். ஒலிபெருக்கிக்காரர் ஒரே மைக்கைப் பின்துளைக்கு நேராக வைத்தார். முற்றம் முழுவதும் தொம் தொம் என்று அதிர்ந்தது, கம்பி இருந்த சுவடே இல்லை. முன்னால் முழங்கால் உயரத்தில் மாற்றி வைத்த பிறகு சரசரப்பு வந்தது, தொம் மெலிந்தது. இரண்டு மைக் கொடுக்கும் வசதி இருந்தால் முன்னொன்று, பின்னொன்று. ஒன்றுதான் என்றால் முன்னால் வைக்கச் சொல்லிவிட்டு, தொம்மை உள்ளங்கையால் ஈடுகட்டுவதே எனக்குச் சரிப்பட்டது.

மிருதங்கத்திலிருந்து வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் கைக்கு இடது என்றால் தொப்பி, வலது என்றால் சொற்கள் என்ற பழக்கம் ஊறியிருக்கிறது. கஹோனில் இடம் வலம் என்ற வேறுபாடே இல்லை. நடுவே தொம், விளிம்பில் சொல், இரண்டையும் இரண்டு கைகளும் செய்ய வேண்டும். முதல் மாதம் என் இடது கை விளிம்புக்கு வர மறுத்தது. ஆனால் விரல் நுனிகளின் வேகம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு உடனே பதில் சொல்லும் கம்பியும் இருந்துவிட்டால், ட்ரம் செட்டிலிருந்து வருபவர்களுக்கு எளிதில் கைவராத நுணுக்கங்கள் நமக்கு வந்துவிடுகின்றன. நம்மவர்கள் பெட்டியின் விலையைவிடக் கம்பியின் நுண்ணுணர்வுக்கு முதலிடம் தருவது நல்லது.

தேவாலயப் பாடகர் குழுவிலோ கல்லூரி இசைக்குழுவிலோ பாட்டுக்குப் பாட்டு ஓசையை மாற்ற வேண்டியவர் என்னிடம் யோசனை கேட்டால், பணம் சேரும்வரை காத்திருந்து கைப்பிடி வைத்த பெட்டியையே வாங்குங்கள் என்பேன். வீட்டுக் கூடத்தில் குரலுக்குத் துணையாக வாசிப்பவருக்கு என்னுடைய வகை போதும். 4,000 ரூபாய்க்குக் கீழே நான் தட்டிப் பார்த்தவற்றில் ஸ்னேர் என்ற பெயருக்காக உள்ளே எதையோ ஒட்டியிருந்தார்கள்; அந்தப் பணத்துக்குள் வாங்கத்தான் வேண்டுமென்றால் ஸ்னேரே இல்லாத ஒன்றைத் தேடுங்கள்.

என் பெட்டிக்குப் பத்துக்கு ஏழு மதிப்பெண் தருவேன். குறைத்த மூன்றில் இரண்டு அந்த வேட்டித் துணிக்காக. ஒன்று, இப்போது பின்துளையின் ஓரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கும் அந்த இருபது ரூபாய்ச் சாவிக்காக.